ஆம்புலன்ஸ் வாகனப் பிரிவுக்கு உரியதல்ல, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உரியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு மருத்துவமனைக்குப் புதிய ஆம்புலன்ஸ் வந்தால், எத்தனை வண்டி, எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பவை செய்தியாகின்றன. நோயாளி வழியில் இறந்துவிட்டால் "ஆம்புலன்ஸ் தாமதம்" என்பது தலைப்பாகிறது. தாமதம் உயிரைப் பறிப்பது உண்மைதான். ஆனால் நேரத்துக்கு வந்த வண்டியிலும் உயிர் போகிறது. பாதி வழியில் ஆக்சிஜன் தீர்ந்து போகிறது. வாந்தியை உறிஞ்ச வேண்டிய சக்‌ஷன் இழுப்பதில்லை. மூச்சுக்குழாயில் வைத்த ட்யூப் நழுவியதை யாரும் கவனிப்பதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் படுக்கை இருப்பதில்லை. இவற்றில் எதையும் வேகம் சரிசெய்யாது.

பல மருத்துவமனைகளில் ஆம்புலன்ஸ் வாகனப் பிரிவின் கீழ் இருக்கிறது. டீசல், டயர், தகுதிச் சான்று, ஓட்டுநர்களின் ஷிப்ட் என எல்லாவற்றுக்கும் அங்கே பொறுப்பாளர் உண்டு. பின்கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவற்றுக்குத்தான் பொறுப்பாளர் இல்லை. வார்டில் எந்த நர்ஸ் அன்று ஓய்வாக இருக்கிறாரோ அவர் ஏற்றி அனுப்பப்படுகிறார். செயற்கைச் சுவாசம் தரும் வெண்டிலேட்டர் எங்கே மாட்டியிருக்கிறது, எந்த டப்பாவில் எந்த மருந்து என்பதை அவர் ஓடும் வண்டியில்தான் தேடுகிறார். எங்கள் கோரிக்கை இது: மருத்துவமனை நடத்தும் ஆம்புலன்ஸை அவசர சிகிச்சைப் பிரிவின் படுக்கைகளில் ஒன்றாகக் கணக்கிட வேண்டும். மற்றப் படுக்கைகளுக்குப் பொறுப்பான மருத்துவரும் நர்ஸுமே அந்தப் படுக்கைக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஒரே மருந்தகம், கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரே பொறியாளர், நோயாளியை ஏற்றிய குழுவும் இறக்கிக்கொள்ளும் குழுவும் ஒருவரையொருவர் அறிந்திருப்பது ஆகிய வசதிகள் தனியாக இயங்கும் ஆம்புலன்ஸ் சேவைகளுக்குக் கிடைப்பது அரிது. கையில் இருக்கும் இந்த வசதியை மருத்துவமனைகள் வீணாக்குவதுதான் எங்களை வருத்துகிறது.

மருத்துவமனை தானே ஆம்புலன்ஸ் நடத்துவது புதிதல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டியில் கமர்ஷியல் மருத்துவமனை 1865இலேயே இதைத் தொடங்கியது. உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவராக இருந்த எட்வர்ட் டால்டன், 1869இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் குதிரை வண்டி ஆம்புலன்ஸ் சேவையை அமைத்தார். மருத்துவர் அந்த வண்டியிலேயே ஏறிப் போனார். 1966இல் பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், தாறுமாறான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும், கார் பேட்டரியில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டரை வண்டியில் ஏற்றி நோயாளியிடம் கொண்டு போனார். மாரடைப்பில் இறப்பவர்களில் பலர் முதல் ஒரு மணி நேரத்தில், மருத்துவமனையை எட்டும் முன்பே இறக்கிறார்கள் என்பதே அவரை அப்படிச் செய்ய வைத்தது. வார்டின் வாசலை நோயாளியின் வீடு வரைக்கும் நீட்டும் முயற்சியாகவே இவர்கள் ஆம்புலன்ஸைக் கருதினார்கள். பிரான்ஸில் இன்றும் 15 என்ற எண்ணை அழைத்தால், மருத்துவமனையோடு இணைந்த சாமு என்ற அவசர மருத்துவ மையத்தில் மருத்துவர் ஒருவர் விவரம் கேட்டு, எந்த வண்டியை அனுப்புவது, அனுப்பத்தான் வேண்டுமா என்று முடிவு செய்கிறார்.

அந்தத் தொலைபேசியிலிருந்தே தொடங்கலாம். மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் எண் வரவேற்பு மேசைக்கோ காவலாளி அறைக்கோ போகிறது என்றால் சிகிச்சையின் முதல் ஐந்து நிமிடம் போனது போனதுதான். அழைப்பை எடுப்பவர் அவசர சிகிச்சைப் பிரிவின் பயிற்சி பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும். முதலில் இடமும் திரும்ப அழைக்கும் எண்ணும். இணைப்பு துண்டித்தாலும் வண்டி கிளம்பிவிடும். அடுத்து இரண்டே கேள்விகள்: கூப்பிட்டால் பதில் தருகிறாரா? மூச்சு இயல்பாக இருக்கிறதா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொண்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தச் சொல்லி, வண்டி சேரும்வரை போனில் கூடவே எண்ண வேண்டும். இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் நோயாளி மீன்போல வாயைத் திறந்து விட்டு விட்டு இழுப்பார். வீட்டார் "மூச்சு இருக்கிறது" என்பார்கள். அது மூச்சல்ல. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் "இப்போது" என்று சொல்லச் சொன்னால் இடைவெளி எவ்வளவு நீள்கிறது என்பது போனிலேயே தெரிந்துவிடும். மார்பை அழுத்தாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. எவ்வளவு வேகமான வண்டியாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

இனி வண்டியின் உள்ளே. முதலில் ஆக்சிஜன். இதில் நடக்கும் தவறுகள் அநேகமாக எல்லாமே கணக்குப் போடாததால் வருபவை. சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை லிட்டரிலும், காட்டியில் உள்ள அழுத்தத்தை பார் என்ற அலகிலும் எடுத்துப் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்பது கிடைக்கும். 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் இருந்தால் 1500 லிட்டர். அதே சிலிண்டரில் முள் 50இல் நின்றால் 500 லிட்டர். "மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, போதும்" என்று கிளம்புகிறார்கள். கடைசி 20 பாரைக் கையிருப்பாக விட்டுவிட்டால் பயன்படுவது 300 லிட்டர்தான். பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் அது 20 நிமிடத்துக்குத்தான் வரும். 40 நிமிடப் பயணத்துக்கு 600 லிட்டர் தேவை. நெரிசலும் ரயில்வே கேட்டும் யாருக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்பதால் அதை இரட்டிப்பாக்கி 1200 லிட்டரோடு கிளம்ப வேண்டும். மூக்கு வழியாக அதிவேக ஆக்சிஜன் தரும் கருவியில் நிமிடத்துக்கு 50 லிட்டர் ஓடும். நிறைந்த 1500 லிட்டர் சிலிண்டரும் அரை மணியில் காலி. வார்டில் அந்தக் கருவியில் நன்றாக இருக்கும் நோயாளியை அப்படியே நெடுந்தூரம் அனுப்ப முடியாததற்கு இதுதான் காரணம். சில வெண்டிலேட்டர்கள் நோயாளிக்குத் தருவது போக, தம்மை இயக்கவும் ஆக்சிஜனைச் செலவிடும். எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். அந்த எண்ணைக் கருவியின் மேலேயே ஒட்டி வைப்பது நல்லது.

சிலிண்டர் நிறைந்திருந்தும் ஆக்சிஜன் வராமல் போவதுண்டு. அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையில் இருக்கும் சின்ன வாஷர் தேய்ந்து போயிருக்கும். அல்லது வால்வைத் திறக்கும் சாவி யாருடைய சட்டைப் பையிலோ இருக்கும். சாவியைச் சங்கிலியில் கோத்து சிலிண்டர் கழுத்திலேயே தொங்கவிட வேண்டும். வாஷர் இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஓட்ட அளவைச் சுழியத்தில் வைத்து, வால்வைத் திறந்து மூடிவிட்டுச் சில நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால் எங்கோ கசிகிறது. ரெகுலேட்டர் இறுகிவிட்டது என்று எண்ணெயோ கிரீஸோ தடவுவது மட்டும் கூடவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டால் அது தீப்பிடிக்கும்.

சக்‌ஷனை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, தேவைப்படும் நொடி வரை. குழாயை மடித்துப் பிடித்தால் நான்கு நொடிக்குள் காட்டி 300 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் மூடி சரியாக அழுந்தவில்லை, அல்லது புட்டி விளிம்பில் விரிசல். முந்தைய நாள் கழுவிய புட்டியைத் தவறாக மாட்டியிருப்பதையும் பார்க்கலாம். பெரிய துளை உள்ள உறிஞ்சு முனை கட்டாயம் வேண்டும். கேதீட்டர் எனும் மெல்லிய குழாயால் வாந்தியை எடுக்க முடியாது.

கருவிகளின் பேட்டரி எல்லோரையும் ஏமாற்றும். வெண்டிலேட்டர், மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப், மானிட்டர் எல்லாம் முழு சார்ஜ் காட்டும். பழைய பேட்டரியாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் அலறும். மாதம் ஒரு முறை மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எழுதி வைக்க வேண்டும். இது கருவிப் பொறியாளரின் வேலை. வண்டி நிற்குமிடத்தில் வெளி மின் இணைப்பு இருந்தால் இன்வர்ட்டரும் கருவிகளும் எப்போதும் சார்ஜில் இருக்கும். அதற்கு ஒரு பிளக் பாயின்ட் போதும். அதைக்கூட அமைக்காமல், ஆம்புலன்ஸை மற்ற வாகனங்களோடு மைதானத்தின் ஓரத்தில் நிறுத்துகிறார்கள்.

அந்த வெயிலில் நிற்கும் வண்டியில் மருந்துகளும் வேகின்றன. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூட்டில் அது வீரியம் இழந்துவிடும்; ஆம்பூல் எனும் கண்ணாடிக் குப்பியைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. வலிப்பை நிறுத்தும் லோராசிபாமுக்கும் குளிர் வேண்டும். மிடாசோலம் சாதாரண அறை வெப்பத்தைத் தாங்கும் என்பதாலும், தசையில் போட்டாலே வேலை செய்யும் என்பதாலும் வலிப்புக்கு அதுவே வண்டியில் வசதி. 40 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் தசை ஊசி. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகள்கூடச் சூட்டில் தவறான எண்ணைக் காட்டும். ஆகவே குளிர் தேவைப்படும் மருந்துகள் வண்டியில் வாழக் கூடாது. அவசரப் பிரிவின் ஃபிரிட்ஜில் சீல் வைத்த சிறிய குளிர்ப்பெட்டியாக இருக்க வேண்டும். அழைப்பு வந்ததும் நர்ஸ் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். மற்ற மருந்துகள் எண் பொறித்த பூட்டுச் சீட்டு போட்ட பைகளில். சீட்டு அறுபடாமல் இருந்தால் காலாவதித் தேதியை மட்டும் பார்த்தால் போதும். ஷிப்ட் மாறும்போது முழுச் சோதனையும் கால் மணிக்குள் முடியும். காலாவதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே ஆம்பூல்களை வார்டுக்கு மாற்றிவிட்டால் அங்கே அவை செலவாகிவிடும், எதையும் குப்பையில் போட வேண்டியதில்லை. மருத்துவமனையே நடத்தும் ஆம்புலன்ஸுக்கு இது எளிது.

மருந்துப் பையில் ஒரு சிறு ஏற்பாடு உயிர் காக்கும். கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். இதயம் நின்றவருக்கு 1 மில்லிகிராம் ரத்தநாளத்தில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. மருந்து ஒன்று, வழி வேறு, அளவு வேறு. பதற்றத்தில் ஒவ்வாமை நோயாளிக்கு முழு ஆம்பூலும் ரத்தநாளத்தில் போய்விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இரண்டையும் வேறு நிறப் பைகளில், அளவை வெளியே பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டால் இந்தப் பிழை நேரும் வாய்ப்பு குறையும். அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை ஆம்புலன்ஸில் வைக்கவே வேண்டாம்.

நெஞ்சு வலி நோயாளியிடம் சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் பன்னிரண்டு லீட் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். வியர்வையைத் துடைத்து, தேவையானால் முடியை மழித்து ஒட்டினால்தான் கோடு தெளிவாக வரும். டிஃபிப்ரிலேட்டர் பேடுக்கும் அப்படியே, அதனால் பையில் சவரக் கத்தியும் துண்டும் இருக்க வேண்டும். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாவிட்டால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்லலாம். மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழே இருந்தால் நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆக்சிஜன் தேவையில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று வைப்பதில் பயனில்லை. ஈ.சி.ஜி.யின் படம் இதயநோய் மருத்துவருக்குப் போனதும் அவர் இதயநாள அடைப்பை நீக்கும் கேத் லேப் குழுவை அழைத்துவிடலாம். வண்டி வந்து சேரும்போது அறை தயாராக இருக்கும்; நோயாளி அவசரப் பிரிவில் நிற்காமல் நேராக உள்ளே போவார். முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பை நீக்குவது இலக்கு. வேறு மருத்துவமனைக்கு மாற்றி அனுப்பியும் 120 நிமிடத்துக்குள் முடியாது என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

பக்கவாதத்தில் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி "எப்போது விழுந்தார்?" என்பதல்ல, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதே. தூங்கி எழும்போது கை வராதவருக்கு, படுக்கப் போன நேரத்திலிருந்து கணக்கு தொடங்குகிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான எல்லை 4.5 மணி நேரம். நன்றாக இருந்ததைப் பார்த்தவரை வண்டியிலேயே ஏற்றி வாருங்கள், இல்லையேல் அவருடைய போன் எண்ணையாவது வாங்குங்கள். ரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல் பக்கவாதம் என்று முடிவு செய்யக் கூடாது. சர்க்கரை தாழ்ந்தவரும் அச்சாக அப்படியே இருப்பார். விபத்துக் காயத்தில், இடிபாட்டில் சிக்கிக்கொள்ளாதவரானால் சம்பவ இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில் பொருளில்லை. ரத்தத்தை நிறுத்துவது, மூச்சுவழியைத் திறந்து வைப்பது, குளிராமல் போர்த்துவது. மீதி எல்லாம் ஓடும் வண்டியில். 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வுக்குப் பிறகு, பெருமளவு ரத்தம் இழப்பவருக்கு, ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமை மூன்று மணி நேரத்துக்குள் பத்து நிமிடத்தில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. ரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்குப் பட்டை கட்டினால் கட்டிய நேரத்தை நெற்றியிலோ பட்டையிலோ எழுதுங்கள்.

நாங்கள் அதிகம் அஞ்சுவது ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பயணத்தை. ஐ.சி.யூ.வில் பத்துக் கருவிகளும் நான்கு பேரும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கும் உயிரை, ஒரு நர்ஸை நம்பி ஆடும் பெட்டிக்குள் ஏற்றுகிறோம். மருத்துவரும் மருத்துவரும் நேரடியாகப் பேசி, படுக்கையும் வெண்டிலேட்டரும் உறுதியான பிறகே கிளம்ப வேண்டும். "அனுப்புங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்பது உறுதி ஆகாது. வண்டியின் வெண்டிலேட்டருக்கு வார்டிலேயே மாற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒத்துவராத நோயாளி என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். நெடுஞ்சாலையில் தெரிந்தால் திரும்பவும் வழியில்லை. ட்யூப் பல் வரிசையில் எந்தச் சென்டிமீட்டர் குறியில் நிற்கிறது என்று எழுதி, ஏற்றியதும் ஒரு முறை, இறக்கியதும் ஒரு முறை ஒப்பிட வேண்டும். ட்யூப் நழுவுவது பெரும்பாலும் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்குத் தூக்கும் அந்த ஒரு நொடியில்தான். தலையைப் பிடிப்பவர் ட்யூபையும் பிடித்துக்கொண்டு எண்ணினால்தான் மற்றவர்கள் தூக்க வேண்டும்.

வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் இல்லாமல் ட்யூப் வைத்த நோயாளியை நகர்த்தக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானிட்டர், ட்யூப் வெளியே வந்து சில நிமிடம் கழித்துத்தான் குறையும். கேப்னோகிராஃபில் அலை ஓரிரு மூச்சிலேயே படுத்துவிடும். அலை படுத்தால் ட்யூப் இடத்தில் இல்லை என்றே முதலில் கொள்ள வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் வெண்டிலேட்டரைக் கழற்றிவிட்டுக் கையால் பை அழுத்துங்கள். எளிதாக அழுந்தி மார்பு உயர்ந்தால் கோளாறு கருவியில். அழுந்தவே இல்லை என்றால் சளி அடைப்பு, ட்யூப் மடிப்பு, அல்லது நுரையீரலைச் சுற்றிக் காற்று. கைப்பையைப் பதற்றத்தில் வேகமாக அழுத்துவது இன்னொரு கேடு: நிமிடத்துக்குப் பத்து முறை போதும். தலைக்காயம் உள்ளவருக்கு முப்பது முறை அழுத்தினால் கார்பன் டை ஆக்சைடு இறங்கி, மூளையின் ரத்தநாளங்கள் சுருங்கி, காப்பாற்ற வேண்டிய மூளைக்கே ரத்தம் குறைகிறது. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஓடுகிறது என்றால் அடுத்த சிரிஞ்ச் கலந்து, பெயரொட்டி, பம்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மார்பில் வைத்த வடிகுழாயை வழியில் கவ்வி மூடாதீர்கள். புட்டியை மார்புக்குக் கீழே வைத்தால் போதும். பிறந்த குழந்தை என்றால், ஏற்றுவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி, உடல் வெப்பத்தை 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் காக்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்க வைக்காமல் இடப்பக்கம் சாய்க்க வேண்டும்.

ஓட்டுநர் இந்தக் குழுவில் ஒருவர். திடீர் பிரேக்கில் படுத்திருப்பவரின் ரத்த அழுத்தம் மாறும், ஊசி விலகும், நிற்கும் நர்ஸ் விழுவார். சைரன் பெரும்பாலும் மிச்சப்படுத்துவது சில நிமிடங்களைத்தான்; மோதும் ஆபத்தை அது கூட்டுகிறது. எப்போது சைரன் தேவை என்று உள்ளே இருக்கும் மருத்துவக் குழு சொல்ல வேண்டும், வெளியே இருக்கும் உறவினர்கள் அல்ல. சிலிண்டர், மானிட்டர், பம்ப் எதுவும் கட்டாமல் இருக்கக் கூடாது. மோதலில் பத்துக் கிலோ சிலிண்டர் நோயாளியின் மேல்தான் வந்து விழும். ஓடும் வண்டியில் மார்பை அழுத்துவது ஆழமும் வேகமும் தவறிப் போகும் வேலை. இயந்திர அழுத்தி இல்லையென்றால் வண்டியை ஓரம் நிறுத்தி, தேவையானால் மின்னதிர்ச்சி கொடுத்து, துடிப்பு திரும்பிய பிறகு நகர்வது பல நேரம் நல்லது.

வந்து சேர்ந்த பிறகும் ஆம்புலன்ஸ் சிகிச்சை முடிவதில்லை. பத்து நிமிடம் முன்பே அவசரப் பிரிவுக்குச் சொல்லியிருந்தால், விபத்துக் குழுவும் ரத்தமும் சூடேற்றிய போர்வையும் தயாராக இருக்கும். வந்ததும் ஒப்படைப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வயது, சம்பவ நேரம், எப்படி நேர்ந்தது, என்ன காயம் அல்லது நோய்க்குறி, கடைசி அளவீடுகள், செய்த சிகிச்சை என்ற வரிசையில் ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடம் மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும், மார்பை அழுத்திக்கொண்டிருப்பவரைத் தவிர. பேசும்போதே நோயாளியைக் கட்டிலுக்கு இழுப்பது பெரும் தவறு. ஏற்கெனவே வலிமருந்து கொடுத்தாகிவிட்டது என்ற செய்தி அந்தச் சந்தடியில் காணாமல் போய், இரண்டாவது முறையும் போடப்பட்டுவிடுகிறது. கேட்டவர் முக்கியமானதைத் திருப்பிச் சொல்லிவிட்டால் அந்தப் பிழை நிற்கும்.

படுக்கை இல்லாமல் ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ் குழு நடைபாதையில் காத்திருப்பது உலகெங்கும் உள்ள தொல்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை ஒப்படைப்புக்கு 15 நிமிடம் என்று இலக்கு வைத்திருக்கிறது. அங்கேயே அது பல நேரம் தவறுகிறது. சொந்த ஆம்புலன்ஸ் உள்ள மருத்துவமனைக்கு இதில் ஒரு வழி உண்டு. ஒரே மாதிரி ஸ்ட்ரெச்சர்கள் இரண்டு கூடுதலாக வைத்து, நோயாளியை அதிலேயே விட்டு, சுத்தமான மற்றொன்றை எடுத்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குப் போகலாம். புறப்படும் முன் சுத்தம் செய்ய நேரம் தர வேண்டும். ரத்தம் சிந்திய இடத்தில் 1 சதவீத ஹைப்போகுளோரைட் பத்து நிமிடம் நிற்க வேண்டும், பின்பு வெறும் நீரால் துடைக்காவிட்டால் உலோகம் அரித்துவிடும். காசநோய் ஐயமுள்ளவரை ஏற்றினால் பின்புற வெளியேற்று மின்விசிறி ஓட வேண்டும், ஓட்டுநர் அறையில் உட்சுழற்சிக் காற்று நிறுத்தப்பட வேண்டும்.

வண்டி இடத்தை அடைந்த நேரமும் குழு நோயாளியைத் தொட்ட நேரமும் ஒன்றல்ல. நான்காவது மாடி, ஸ்ட்ரெச்சர் நுழையாத மின்தூக்கி, பூட்டிய வெளிவாயில்: இவற்றில் கரையும் நிமிடங்கள் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. இரண்டு நேரத்தையும் தனித்தனியே பதிந்தால்தான் படி இறக்கும் நாற்காலி வாங்க வேண்டும் என்பது நிர்வாகத்துக்குப் புரியும். ஈ.சி.ஜி. எடுத்து வந்த டெக்னீஷியனுக்கு அந்த அடைப்பு எந்த நாளத்தில் இருந்தது, நோயாளி வீடு திரும்பினாரா என்று இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தான் செய்ததன் விளைவு தெரியாதவர் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. தனிச் சேவைகளுக்கு இந்தத் தகவல் எளிதில் கிடைக்காது. மருத்துவமனை ஆம்புலன்ஸுக்கு அது இரண்டு மாடி மேலே இருக்கிறது.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆம்புலன்ஸ் தொடக்க விழாவுக்குப் போகும்போது பின்கதவைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்: இன்றைய சோதனைத் தாளில் கையெழுத்திட்டவர் யார்? இப்போது எத்தனை லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது? சக்‌ஷன் 300ஐத் தொடுகிறதா? ட்யூப் வைத்த நோயாளிக்குக் கேப்னோகிராஃப் உண்டா? இரவு இரண்டு மணிக்கு இதில் ஏறப்போகும் நர்ஸ் யார், அவர் இந்த வெண்டிலேட்டரை இதற்கு முன் இயக்கியிருக்கிறாரா? நன்கொடை தர நினைப்பவர்களும் வண்டி ஒன்றை வாங்கித் தரும் முன் அவசரப் பிரிவில் விசாரிக்கட்டும். பல இடங்களில் இன்னொரு வண்டி தேவைப்படாது. இருக்கும் வண்டிக்கு ஒரு கேப்னோகிராஃபும், இரண்டு ஸ்ட்ரெச்சரும், நிறுத்துமிடத்தில் கூரையும் ஒரு மின் இணைப்பும் தேவைப்படும்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், நர்ஸுகள், ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்கள் சிலர்